1929 பிரிட்டிஷ் ஸ்பீட்வே: லீட்ஸை சாம்பியன் என்று சொல்வது நியாயமா?

தடம்பார்த்தவன்

கிராண்ட் பிரி இழையில் பாதியில் நின்றுபோன பேச்சை இங்கே தனியாகத் தொடர்கிறேன். 1929-ல் வடக்கு இங்கிலாந்து லீக்கில் லீட்ஸ் அணி வாங்கிய பட்டம் செல்லுமா என்று அங்கே மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதால் முதலில் அடிப்படை.

ஸ்பீட்வே என்றால் மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். முட்டை வடிவத் தடம், ஒரு பந்தயத்துக்கு நான்கு பேர், நான்கு சுற்று, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. வண்டியில் பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திரும்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் வெஸ்ட் மெயிட்லண்ட் கண்காட்சித் திடலில் 1923 டிசம்பரில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய இரவுப் பந்தயத்தைத்தான் பலரும் தொடக்கம் என்று சொல்வார்கள். இங்கிலாந்தில் அது பற்றிக்கொண்டது 1928 பிப்ரவரி 19 அன்று, லண்டனுக்கு வெளியே எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில், கிங்ஸ் ஓக் மதுக்கடைக்குப் பின்புறத் தடத்தில். நடத்தியது இல்ஃபோர்ட் மோட்டார் சைக்கிள் கிளப். மூவாயிரம் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தார்கள். வந்தது அதைப்போல் பல மடங்கு. 30 ஆயிரம் என்றுகூடச் சொல்வதுண்டு. தடத்துக்கு உள்பக்கமும் ஜனம், வெளிப்பக்கமும் ஜனம்.

1928-ல் பெரும்பாலும் தனிநபர் பந்தயங்கள்தான். அடுத்த ஆண்டே லீக் வந்துவிட்டது, அதுவும் இரண்டு. தெற்கே சதர்ன் லீக், வடக்கே இங்கிலீஷ் டர்ட் டிராக் லீக். தெற்கில் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் சாம்பியன், அதில் யாருக்கும் சண்டை இல்லை. வடக்கில்தான் சிக்கல். மான்செஸ்டரின் இரண்டு பெரிய அணிகளான பெல் வியூவும் ஒயிட் சிட்டியும் சீசன் முடியும் முன்பே லீக்கைவிட்டு விலகிவிட்டன. கோப்பை லீட்ஸுக்குப் போனது. பலமான இரண்டு அணிகள் வெளியேறிய பிறகு கிடைத்த பட்டத்தை எப்படி எடுத்துக்கொள்வது? என்னைப் பொறுத்தவரை பட்டியலில் லீட்ஸ் பெயர் இருக்கலாம், ஆனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும்.

நீலச்சட்டை

ஒரு நிமிடம். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் என்றால் நம்ம செல்சி மைதானமா??

தடம்பார்த்தவன்

அதே மைதானம்தான். கால்பந்துப் புல்வெளியைச் சுற்றித் தடம். அப்போதைய செல்சியைப் போலவே ஸ்பீட்வே அணிக்கும் 'பென்ஷனர்ஸ்' என்றே பட்டப்பெயர். 1932 வரை அங்கே பைக் ஓடியது.

நீலச்சட்டை

அப்படியென்றால் 1929-ல் அந்த மைதானத்துக்கு ஒரு லீக் பட்டம் வந்திருக்கிறது. செல்சி கால்பந்து அணி முதல் டிவிஷன் பட்டம் வாங்கியதே 1955-ல். இருபத்தாறு வருடம் முந்திவிட்டார்கள் இந்தப் புழுதிக்காரர்கள். இதை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் இன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது.

புள்ளிவிவரப்புலி

இழை ஆரம்பித்தவருக்கு: நட்சத்திரக் குறி எல்லாம் தேவையில்லை. லீக் விதி என்ன சொல்கிறது? விலகியவன் கணக்கிலேயே இல்லை. மீதி இருந்தவர்களில் முதலிடம் யார்? லீட்ஸ். முடிந்தது. பாதியில் ஓடிப்போனவனுக்காகக் கடைசிவரை நின்றவனைக் குறைத்துப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று, இங்கே புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள் என்பதால்: ஒயிட் சிட்டி என்ற பெயரில் லண்டனிலும் ஒரு மைதானம் உண்டு, மான்செஸ்டரிலும் உண்டு. இரண்டிலும் ஸ்பீட்வே நடந்தது. வடக்கு லீக்கிலிருந்து விலகியது மான்செஸ்டர் ஒயிட் சிட்டி. போன இழையில் ஒருவர் லண்டன் அணி விலகியதாக எழுதி, அதற்கு பதினைந்து லைக் வேறு.

கோவை கார்புரேட்டர்

யாருங்க ஜெயிச்சாங்கங்கறத நீங்க பேசிக்கங்க. எனக்கு வண்டிதான் முக்கியம். 1929-ல பட்டம் ஜெயிச்சது லீட்ஸும் இல்ல, ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜும் இல்ல. டக்ளஸ்.

பிரிஸ்டல் பக்கம் கிங்ஸ்வுட்ல இருந்த கம்பெனி. அவங்க டர்ட் டிராக் மாடல் 500 சிசி, ரெண்டு சிலிண்டர். இப்ப பிஎம்டபிள்யூல சிலிண்டர் ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கும் பாருங்க, அந்த எதிரெதிர் சிலிண்டரைத் திருப்பி, ஒண்ணு முன்னாடி பார்க்க, இன்னொண்ணு பின்னாடி பார்க்க வெச்சா எப்படி? அதுதான் டக்ளஸ். அதனால வண்டி நீளமாயிடும், ஆனா இன்ஜின் தரையோட தரையா உக்காந்துக்கும். கீழ கனம், மேல ஒண்ணுமில்ல. சாய்க்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?

அப்ப தடமெல்லாம் பெருசு, மேல எரிஞ்ச நிலக்கரிக் கசடு தளர்வா கெடக்கும். ஓட்டறவர் வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வண்டியை இடப்பக்கம் சாய்ச்சிடுவார். இடது காலைப் பின்னாடி நீட்டி, அதைத் தரையில இழுத்துக்கிட்டே போவார். ஹேண்டில்பார் திரும்பியிருக்கறது வலப்பக்கம், வண்டி போறது இடப்பக்கம். அந்த நேரத்துல ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டீங்கன்னா பின்சக்கரம் சட்டுனு பிடிச்சுக்கும், ஆளை வெளிப்பக்கம் தூக்கி எறிஞ்சிடும். பயந்து கையை எடுக்கறவனுக்குத்தான் அங்க அடி. இடது பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகடு மாட்டியிருப்பாங்க. அது இல்லாட்டி ஒரே ராத்திரில அடித்தோல் தேஞ்சு காலு வெளிய வந்துடும்.

தடம்பார்த்தவன்

அருமை சார். ஆனால் டக்ளஸின் ஆட்டம் நீண்ட நாள் நிற்கவில்லையே?

கோவை கார்புரேட்டர்

நிக்கல. 1930-ல ரட்ஜ் வந்துச்சு, ஒத்தை சிலிண்டர், நாலு வால்வு. அதுக்குப் பின்னாடியே டாட்டன்ஹாம்ல இருந்து ஜே.ஏ.பி. இன்ஜின். அதுவும் ஒத்தை சிலிண்டர்தான், ஆனா எடை கம்மி, வண்டி நீளமும் கம்மி. உங்க ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் ஆளு வால் ஃபிலிப்ஸ்தான் அதை ஆரம்பத்துல தடத்துல ஓட்டிக் காட்டினவர். தடம் சின்னதாகி, மேல தளர்வு குறையக் குறைய, நீளமான டக்ளஸைத் திருப்பறது பாடாயிடுச்சு. காலைப் பின்னாடி இழுக்கற ஸ்டைலும் மெல்ல மெல்லப் போச்சு, முன்னாடி நீட்டற ஸ்டைல் வந்துச்சு. அப்புறம் அறுபதுகள் வரைக்கும் ஜே.ஏ.பி. ராஜ்ஜியம்தாங்க. ஒரே இன்ஜின் ஒரு விளையாட்டை முப்பது வருஷம் கையில வெச்சிருந்தது வேற எங்கயாவது உண்டா?

மலர் ஆர்

இவ்வளவு பேசுகிறீர்கள், ஒருவர்கூட பெண்களைச் சொல்லவில்லையே. அந்தக் காலத்தில் பெண்களும் ஓட்டினார்கள் என்று படித்திருக்கிறேன்.

தடம்பார்த்தவன்

ஓட்டினார்கள், நன்றாகவே ஓட்டினார்கள். அயர்லாந்தின் ஃபே டெய்லர், யார்க்ஷயரின் ஈவா ஆஸ்க்வித் இருவரும் தனியாகக் கூட்டம் இழுத்தவர்கள். ஃபே டெய்லர் கப்பலேறி ஆஸ்திரேலியா போய், பெர்த்தின் கிளேர்மாண்ட் தடத்தில் அங்கத்திய சாம்பியன் சிக் ஷ்லாமையே தோற்கடித்தார். ஆண் பெண் என்ற கணக்கே இல்லாத நேருக்கு நேர் பந்தயம்.

1930-ல் பெண்களுக்குத் தடை போட்டார்கள். அதோடு பிரிட்டிஷ் தடங்களில் அந்த அத்தியாயம் மூடியது. ஃபே டெய்லர் கார் பந்தயத்துக்குப் போய்விட்டார்.

மலர் ஆர்

லீக் ஆரம்பித்த அடுத்த வருடமே தடை. இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. 1928-ல் இது வேடிக்கைக் காட்சி. அப்போது பெண் ஓட்டினால் டிக்கெட் கூடுதலாக விற்கும், எல்லோருக்கும் சந்தோஷம். லீக், புள்ளிப் பட்டியல், கேப்டன் என்று மரியாதை வந்த உடனே பெண்கள் ஆபத்தாகிவிட்டார்கள். விழுந்து எலும்பு முறித்துக்கொண்ட ஆண்கள் எத்தனை பேர்! யாராவது ஆண்களைத் தடை செய்தார்களா?

புள்ளிவிவரப்புலி

ஃபே டெய்லரை முழுசாகக் கொண்டாடுவதற்கு முன் ஒன்று. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஃபாசிச ஆதரவுக்காகப் பிரிட்டிஷ் அரசு அவரைக் காவலில் வைத்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலர் ஆர்

சொல்லுங்கள், தாராளமாக. அவர் அரசியல் அசிங்கம்தான். ஆனால் 1930-ல் தடை போட்டவர்கள் அவர் அரசியலைப் பார்த்துப் போடவில்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி

வணக்கம் எல்லாருக்கும். நான் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இப்ப எழுதாமல் இருக்க முடியேல்ல. நான் இருக்கிறது ஈஸ்ட்ஹாமில. அதில இருந்து கஸ்டம் ஹவுஸ் பக்கத்தில. அங்கதான் வெஸ்ட் ஹாம் ஸ்டேடியம் இருந்தது, கால்பந்து வெஸ்ட் ஹாம் இல்லை, இது வேற. 1972-ல இடிச்சுப்போட்டு வீடுகள் கட்டினவை. அந்த வீதிகளின்ர பெயரைப் பாருங்கோ: ஹாஸ்கின்ஸ் குளோஸ், அட்கின்சன் ரோட், வில்கின்சன் ரோட், யங் ரோட். கனகாலமா அது ஆரோ கவுன்சிலர்மாரின்ர பெயர் எண்டுதான் நினைச்சனான். பிறகு தடம்பார்த்தவன் அண்ணா போன வருசம் எழுதின கட்டுரையில ஹாஸ்கின்ஸ் எண்ட பெயரைக் கண்ட உடனதான் விளங்கிச்சு. முழுப்பேரும் ஸ்பீட்வே ஆக்கள்!

அந்த வில்கின்சன் ஆர் அண்ணா? 1929 ஆளா?

தடம்பார்த்தவன்

தம்பி, நீங்கள் சொன்ன பெயர்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்துவிட்டது. அந்தத் தெருவில் ஒரு நாள் நடக்க வேண்டும்.

புளூயி வில்கின்சன். ஆஸ்திரேலியர், 1929-லேயே வெஸ்ட் ஹாமுக்கு வந்தவர். 1936-ல் வெம்ப்ளியில் முதல் உலக சாம்பியன்ஷிப் இறுதி நடந்தபோது ஓட்டிய ஐந்து பந்தயத்திலும் அவரே முதல். அப்படியும் கோப்பை இல்லை! முந்தைய சுற்றுகளில் சேர்த்த போனஸ் புள்ளிகளையும் கணக்கில் எடுத்ததால் லயனல் வான் பிராக்கும் எரிக் லாங்டனும் மேலே போய், அவர்களுக்குள் ஒரு ஓட்டம் வைத்து வான் பிராக் ஜெயித்தார். வில்கின்சனுக்கு மூன்றாம் இடம். 1938-ல் அவர் அந்தக் கோப்பையை வாங்கிவிட்டார் என்பது ஒரு ஆறுதல்.

ஹாஸ்கின்ஸ்தான் மேலே சொன்ன மெயிட்லண்ட் ஹாஸ்கின்ஸ். 1928-ல் இங்கிலாந்து வந்தார், வெம்ப்ளி, வெஸ்ட் ஹாம் இரண்டையும் நடத்தினார். கூட்டத்தைச் சிரிக்கவைக்க அவருடைய தொப்பியை வீரர்கள் கொளுத்துவது வாடிக்கையாகவே இருந்ததாம்.

புள்ளிவிவரப்புலி

எரிக் லாங்டன் பெயர் வந்ததால் மறுபடி லீட்ஸுக்கு வருகிறேன். இந்த எரிக் லாங்டனும் அவர் அண்ணன் ஆலிவரும் லீட்ஸ் அணியில் ஓட ஆரம்பித்தவர்கள். பின்னாளில் உலகக் கோப்பையை ஒரு ஓட்டத்தில் தவறவிட்டவர் இருந்த அணி அது. ஏதோ ஆளில்லா ஊரில் கிடைத்த பட்டம் மாதிரிப் பேசுவது சரியில்லை.

தடம்பார்த்தவன்

அந்த லாங்டன் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதையும் சொல்லுங்கள். பெல் வியூ! விலகிப்போன அணிதான் லீட்ஸின் ஆளை எடுத்துக்கொண்டது. 1930-ல் நார்தர்ன் லீக் என்று பெயர் மாற்றி நடத்தியபோது ஜெயித்ததும் பெல் வியூ. 1931-லும் அதுவே. பிறகு எல்லோரையும் சேர்த்து நேஷனல் லீக் வந்ததும் 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நான்கு தடவை. 1929-ல் அந்த அணி கடைசிவரை இருந்திருந்தால் லீட்ஸுக்குக் கோப்பை கிடைத்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

புள்ளிவிவரப்புலி

'இருந்திருந்தால்' என்று ஆரம்பித்தால் எந்தக் கோப்பையையும் பிடுங்கிவிடலாம்.

கோவை கார்புரேட்டர்

ரெண்டு பேரும் ஒரு விசயத்த விட்டுட்டீங்க. அப்ப ஸ்டார்ட் எப்படின்னு பார்த்தீங்களா? இப்ப மாதிரி ரிப்பன் மேல தூக்கற கேட் கெடையாது. நாலு பேரும் மெதுவா உருட்டிக்கிட்டே வந்து, ஒரே வரிசையில கோட்டைத் தாண்டணும். தாண்டுவாங்களா? ஒருத்தன் அரை வண்டி முன்னாடி இருப்பான், ஒருத்தன் இன்ஜின் சரியா பிடிக்கலன்னு பின்தங்குவான். மறுபடி கூப்பிடுவாங்க. மறுபடி அதே கதை. 1933-ல கிரிஸ்டல் பேலஸ்ல ஃப்ரெட் மாக்ஃபோர்டும் கூட்டாளியும் கேட்டைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்துச்சு. அதனால 1929 புள்ளிப் பட்டியலை வெச்சு யார் பெரியவன்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. கோட்டுல திருடத் தெரிஞ்சவனுக்கு அரைப் பந்தயம் அங்கயே முடிஞ்சுது.

நீலச்சட்டை

எனக்கு ஒரு சந்தேகம். 1928-ல் ஜனம் கொட்டியது என்கிறீர்கள். நட்சத்திரங்களைப் பார்க்கத்தான் வந்தார்கள். பிறகு எதற்கு லீக்? நன்றாக ஓடுகிற கடையை எதற்கு மாற்ற வேண்டும்?

தடம்பார்த்தவன்

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1928-ல் ஒரு தட முதலாளியின் நிலைமையைப் பாருங்கள். கூட்டம் வருவது அமெரிக்கர் ஸ்ப்ரௌட்ஸ் எல்டருக்காக, ஆஸ்திரேலியர்கள் விக் ஹக்ஸ்லி, ஃபிராங்க் ஆர்தருக்காக. இவர்கள் வந்து நிற்பதற்கே தனித் தொகை. இந்த வாரம் உன் தடம், அடுத்த வாரம் என் தடம். எல்டர் இல்லாத வாரம் பாதிக் கூட்டம்கூட வராது. அவர் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தால் முதலாளிக்கு மாதமே போச்சு. போதாததற்கு, கைதேர்ந்த ஆஸ்திரேலியரும் நேற்றுவரை காய்கறி வண்டி ஓட்டிய உள்ளூர்ப் பையனும் ஒரே பந்தயத்தில் ஓடினால் முதல் வளைவிலேயே முடிவு தெரிந்துவிடும். அதற்காக ஹேண்டிகேப் வைத்தார்கள், வல்லவனைப் பின்னால் நிறுத்தி. ஆனால் ஒரே வித்தையை ஜனம் எத்தனை வாரம் பார்க்கும்?

வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு 1929-லேயே சாட்சி இருக்கிறது. லண்டன் மாலைப் பத்திரிகை 'ஸ்டார்' அந்த ஆண்டு ஒரு சாம்பியன்ஷிப் நடத்தியது. வெளிநாட்டவருக்கு ஒரு பிரிவு, பிரிட்டிஷ்காரர்களுக்கு வேறு பிரிவு! சேர்த்து ஓடவிட்டால் உள்ளூர்க்காரர்கள் தாங்க மாட்டார்கள் என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. வெளிநாட்டுப் பிரிவில் ஃபிராங்க் ஆர்தர், உள்ளூர்ப் பிரிவில் கிரிஸ்டல் பேலஸின் ரோஜர் ஃப்ராக்லி. 1930-ல் ஒன்றாக்கினார்கள், ஜெயித்தவர் ஹக்ஸ்லி.

லீக் இந்த வியாபாரத்தின் கணக்கையே மாற்றியது. இனி ரசிகன் வருவது ஆளுக்காக இல்லை, சட்டை நிறத்துக்காக. நட்சத்திரம் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் வெம்ப்ளிக்காரன் வெம்ப்ளியைப் பார்க்க வருவான். ஏழாவது இடத்தில் இருக்கும் பையனின் ஒரு புள்ளிக்கும் மதிப்பு வந்தது. முன்னால் போகிறவன் பின்னால் திரும்பிப் பார்த்து, கூட்டாளிக்கு இடம்விட்டு, எதிரியை வெளிப்பக்கம் தள்ளி ஓட்டுகிற கலை அப்போதுதான் பிறந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது சறுக்கல். அதை வாராவாரம் வீடு தேடிப் போகிற விளையாட்டாக மாற்றியது இந்த லீக். நான் 1928-ஐவிட 1929-ஐப் பெரிதாக நினைப்பது இதனால்தான்.

நீலச்சட்டை

அப்படியென்றால் வடக்கில் மட்டும் ஏன் சொதப்பியது? அங்கேயும் லீக்தானே?

தடம்பார்த்தவன்

தெற்கில் பெரும்பாலும் லண்டன். வெம்ப்ளி, விம்பிள்டன், வெஸ்ட் ஹாம், ஹாரிங்கே, கிரிஸ்டல் பேலஸ். பஸ், டிராம் ஏறி எதிரி மைதானத்துக்குப் போய்க் கத்திவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். பின்னால் பணமும் இருந்தது. வெம்ப்ளியை நடத்திய ஆர்தர் எல்வின், 1924 கண்காட்சியில் அங்கே சிகரெட் கடை வைத்திருந்தவர், பிறகு அந்த ஸ்டேடியத்தையே கையில் எடுத்தார். நாய்ப் பந்தயம் ஏற்கெனவே வாரத்தில் சில நாள் விளக்குச் செலவைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வடக்கில் பிரெஸ்டன், ஹாலிஃபாக்ஸ், பர்ன்லி, மிடில்ஸ்பரோ, லிவர்பூல், ஷெஃபீல்ட் என்று ஊர்கள் சிதறல். பஞ்சாலை ஊர்கள், வேலையில்லாத் திண்டாட்டம் ஏற்கெனவே ஆரம்பித்த இடங்கள். ஒரு தடம் மூடினால் எதிரணியின் ஆட்டமும் போகும், அதன் வசூலும் போகும். அப்படி ஒன்றோடொன்று சரிந்தது. எல்லா அணிகளும் சம எண்ணிக்கையில் ஆட்டம் முடிக்கக்கூட இல்லை.

புள்ளிவிவரப்புலி

இதைத்தான் நானும் சொல்கிறேன். இத்தனை பேர் கவிழ்ந்த கப்பலில் கடைசிவரை துடுப்பு போட்டவன் லீட்ஸ். நட்சத்திரக் குறியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தடம்பார்த்தவன்

வைத்துக்கொள்கிறேன். அழிக்க மாட்டேன்.

நிர்வாகி

இருவரும் நாலு பக்கமாக இதையே எழுதக் கூடாது என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: லீட்ஸ் விவாதம் இத்துடன் போதும். மற்ற விஷயங்கள் தொடரலாம்.

ஈஸ்ட்ஹாம்வாசி

அண்ணா, லண்டனில இப்ப ஒரு ஸ்பீட்வேயும் இல்லைத்தானே? விம்பிள்டன் பிளவ் லேனில இப்ப கால்பந்து மைதானம் கட்டியிருக்கினம். 1929 தொடர்பு உள்ள இடம் எங்கயாவது இன்னும் ஓடுதோ? இந்தக் கோடையில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு யோசிக்கிறன்.

தடம்பார்த்தவன்

மான்செஸ்டர் போங்கள். பெல் வியூ இன்றும் ஓடுகிறது. 1929-ல் திறந்த ஹைட் ரோட் தடம் போய்விட்டது, ஆனால் 2016 முதல் கிர்க்மன்ஷுல்ம் லேனில் நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியம் இருக்கிறது. 2022-ல் லீக்கையும் ஜெயித்தார்கள்.

கோவை கார்புரேட்டர்

தம்பி, பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. வளைவுக்கு நேரா வேலி ஓரத்துல நின்னா நாலு வண்டி கிளப்பற சிவப்புக் கல்தூள் மொத்தமும் உங்க மேலதான். சத்தத்துக்குச் சின்னவங்க காதுல ஏதாவது மாட்டி விடுங்க. முதல் பந்தயத்துக்கு முன்னாடி பிட்ஸ் பக்கம், அதாவது வண்டியைத் தயார் பண்ற இடத்துல, நிக்க விட்டாங்கன்னா நின்னு மெத்தனால் எரியற வாசத்தை ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. போயிட்டு வந்து போட்டோ போடுங்க, இன்ஜின் போட்டோ மட்டும் பக்கத்துல இருந்து எடுங்க, எனக்கு.

ஈஸ்ட்ஹாம்வாசி

சரி அண்ணா. பெரியவள் கறுப்புச் சட்டைதான் போடுவாள், பிரச்சினை இல்லை. ஆனா மனுசி கேக்கிறா, தடம்பார்த்தவன் அண்ணாவுக்கு முதல் ஹாஸ்கின்ஸ் குளோஸ் பெயர்ப்பலகைப் படம் அனுப்பட்டோ எண்டு.

தடம்பார்த்தவன்

அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. வில்கின்சன் ரோடையும் சேர்த்து.